கொசுறு மூட்டை

பாஃபோ அண்ணன் கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கிவிடும், மரியாதை ஏறிவிடும். அதனால்தான் அவர் அனுப்பிய குரல்பதிவு "கொனாடு அவர்களே" என்று தொடங்கியதுமே கொனாடுவுக்கு விஷயம் பெரிசு என்று தெரிந்துவிட்டது.

"கொனாடு அவர்களே, உங்க காரி வந்து சேர்ந்துச்சு. பாதி பையில இருக்கு, பாதி கன்டெய்னர் தரையில இருக்கு. நானும் என் வீட்டுக்காரியும் விளக்குமாறு வெச்சுக் கூட்டி அள்ளினோம். கிழியாத பையெல்லாம் மளமளன்னு வித்துப்போச்சு, அதையும் சொல்லிடறேன், சரக்கு தங்கம். ஆனா அடுத்த லோடும் இப்படியே வந்துச்சுன்னா நான் பழையபடி ஆன்ட்வெர்ப் மொத்த வியாபாரிகிட்டயே போயிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. மனிதர் ஆம்ஸ்டர்டாமின் பெயில்மர் பகுதியில் கடை வைத்துப் பிழைக்கிறவர். கானாக்காரர்கள் வாழைக்காயும் கருவாடும் காரியும் வாங்க அங்கேதான் போவார்கள். காரி என்றால் வேறொன்றும் இல்லை, மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, வறுத்தெடுத்த குருணை. தண்ணீரும் சர்க்கரையும் நிலக்கடலையும் போட்டால் அது சிற்றுண்டி. வேகவைத்த தட்டைப்பயறும் செம்பனை எண்ணெயும் சேர்ந்தால் மதியச் சாப்பாடு. கானாக்காரர் வீட்டில் காரி தீர்ந்துபோனால் புருஷன் பெண்சாதிக்குள் பேச்சுவார்த்தையே குறைந்துவிடும்.

அந்தக் காரியை நடுவில் நாலு கை மாறாமல் நேரே ஊரிலிருந்து வாங்குங்கள் என்று பாஃபோவைப் பேசிப் பேசிக் கரைத்தவள் கொனாடு. அவளுடைய அம்மா பிறந்த ஊர் அசுபோனி, கானாவில் மாம்போங் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே பெண்கள் சங்கம் வைத்து, ஒரு கொட்டகையில் கூட்டாக வறுக்கிறார்கள். கொனாடுவின் வாயை நம்பி அவர்கள் சங்கத்துச் சேமிப்பை வழித்தெடுத்துக் கிழங்கு பிழிய ஒரு புது எந்திரம் வாங்கிவிட்டார்கள். பாஃபோ கையை விரித்தால் அந்த எந்திரம் அங்கே சும்மா நிற்கும். போகிற வருகிறவர்களெல்லாம் அதைக் காட்டி, "இது கொனாடு வாங்கவெச்சது" என்று சிரிப்பார்கள். அம்மா ஊரில் அவளுக்கு என்று வீடும் கிடையாது, நிலமும் கிடையாது. இருப்பது ஒரு நல்ல பெயர்தான். அதுவும் போய்விடுமே என்று அவளுக்குப் பதறியது.

ஆனால் பை போடுகிற வேலை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஹாலந்துக்குப் போனவள், வளர்ந்து, ஸான்டாமில் அரிசியும் பருப்பும் பை போடுகிற ஆலையில் சேர்ந்து, இப்போது அங்கே மேற்பார்வை பார்க்கிறாள். அந்தப் பெண்களுக்குப் பை போடத் தெரியவில்லை, போய்க் கற்றுக்கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டாள். லீவு போட்டாள். பெட்டியில் தலைவலை, கையுறை, மின்தராசு, பை வாயை ஒட்டுகிற மெஷின் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களை அங்கே போர்கா என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. ஆனால் டூஃபி என்கிற பெண் சொல்லும்போது முழுக்கக் கேலிதான். கொனாடுவின் வயதுதான் அவளுக்கும். அவள் வாய்க்குப் பயந்து சந்தையில் கடன் சொல்லக்கூட ஆட்கள் யோசிப்பார்கள்.

"போர்கா, இது எதுக்கு?" என்று தலைவலையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள் டூஃபி.

"தலையில மாட்டிக்க. முடி சரக்குல விழக்கூடாது."

"நான் என்ன மீனா, வலையில போடுறே? என் தலையில இருக்கிறது ஒட்டுமுடி. காசு குடுத்து வாங்குனது, அதை நானே விழவிடமாட்டேன்."

சங்கத்துத் தலைவி பிராகோ அம்மாள்தான் குறுக்கே வந்து, "மாட்டுடி. மாட்டினா உன் அழகு ஒண்ணும் குறைஞ்சுடாது, குறையறதுக்கு அங்க என்ன இருக்கு" என்றாள். பிராகோ கொனாடுவின் அம்மாவோடு கூடப் படித்தவள். அதனால் கொனாடுவுக்கு அவள் சின்னம்மா. பேச்சு குறைவு, ஆனால் பேசினால் கொட்டகை முழுக்க அடங்கிவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, பெண்கள் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தராசில் பைக்கு ஒரு கிலோ கணக்காக நிறுப்பாள். டூஃபி அதை வாங்கித் தட்டிக் குலுக்கி வாயை மடிப்பாள். பிராகோ சின்னம்மா மெஷினில் ஒட்டுவாள். ஒட்டிய கோடு ஸான்டாம் ஆலையில்கூட அவ்வளவு நேராக இருக்காது. கொனாடுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே அவர்கள் பாடுவார்கள், டூஃபி நடுநடுவே பாட்டில் போர்காவைப் பற்றி ஒரு வரி செருகுவாள். கொனாடுவுக்கு அது பாதிதான் புரியும். மீதியை அவர்கள் சிரிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

அப்புறம் ஒரு நாள் சோதனைக்காக ஒரு பையை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தாள். பட்டென்று வாய் பிளந்தது. இன்னொன்றைப் போட்டாள். அதுவும் பிளந்தது.

மெஷின் சூடு போதவில்லையோ என்று கூட்டினாள். பை மட்டமோ என்று இழுத்துப் பார்த்தாள். ஈரக்காற்றோ என்று கொட்டகைக் கதவைச் சாத்தி எல்லாரையும் வேர்க்க வைத்தாள். கடைசியில்தான் ஒட்டிய பையைத் தூக்கித் தராசில் வைக்கத் தோன்றியது. கிலோவைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது எண். தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, கடையில் விற்கிற அரை லிட்டர் தண்ணீர்ப் பாக்கெட் இரண்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். தராசு ஒரு கிலோ என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. அதன்மேல் குற்றம் இல்லை.

நிறுக்கும்போது சரியாக இருந்த பை ஒட்டும்போது எப்படிக் கனக்கும்? கொனாடு மூலையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள்.

தராசுக்காரி கிலோ சரியாக நிறுத்தாள். நிறுத்துவிட்டு, பையைக் கைமாற்றும் முன் ஒரு பிடி அள்ளி உள்ளே போட்டாள். டூஃபி அதை வாங்கிக் குலுக்கினாள், பக்கத்துத் தொட்டியிலிருந்து இன்னொரு பிடி போட்டாள். பிராகோ சின்னம்மா பையை மெஷினில் வைத்தாள். வைத்தவள் என்ன நினைத்தாளோ, வாயைப் பிரித்து, மடியில் வைத்திருந்த கிண்ணத்திலிருந்து அவள் பங்குக்கும் கொஞ்சம் கொட்டி, அமுக்கி, ஒட்டினாள். ஒருத்தி செய்வதை இன்னொருத்தி பார்க்கவே இல்லை. மூன்று பேரும் தன்னால்தான் அந்தப் பைக்கு நல்லது நடக்கிறது என்கிற முகத்தோடு இருந்தார்கள்.

"சின்னம்மா, என்ன பண்றீங்க?" கொனாடு எழுந்தே விட்டாள்.

"ஒட்டுறேன்."

"அது இல்ல. நிறுத்து முடிச்ச பையில எதுக்கு மறுபடியும் போடுறீங்க?"

"கொசுறு" என்றாள் பிராகோ, இதையெல்லாம் கேட்பார்களா என்பது போல.

டூஃபி திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் போடுறீங்களா? நான் போட்டுட்டேனே."

"நீயுமா? நான்தான் போட்டேன்" என்றாள் தராசுக்காரி.

கொனாடு தலையில் கை வைத்துக்கொண்டாள். "பை கிலோவுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. அதுக்கு மேல திணிச்சா வாய் தாங்காது. போன லோடு கிழிஞ்சது இதனாலதான். கொசுறு கேட்டு யாரும் அழல சின்னம்மா."

"கேக்கறதுக்கு அவங்க இங்க இருக்காங்களா?" என்றாள் பிராகோ. "சந்தையில நான் படி அளந்து போட்டா, வாங்குறவ பையை மூடாம என் முகத்தைப் பாப்பா. நான் ஒரு பிடி போடுவேன். பத்தாதுன்னு சண்டை போடுவா. இன்னொரு பிடி போடுவேன். கொசுறு கேட்டுச் சண்டை போடுறவ அடுத்த சந்தைக்கும் வருவா. வாய் திறக்காம வாங்கிட்டுப் போறா பாரு, அவதான் வரமாட்டா. உங்க ஹாலந்துல வாங்குறவ முகம் எனக்குத் தெரியாது. அவ கேக்க முடியாத இடத்துல இருக்கா. அதுக்காக மொட்டையா அனுப்புறதா?"

"எங்க ஆலையில இதுக்கு விரயம்னு பேரு. பையில கூடுதலா ஒரு பருப்பு விழுந்தாக்கூடக் கணக்கு. அதைக் குறைக்கிறதுதான் என் வேலையே. ரொம்பக் குறைச்சுட்டேன்னு போன வருஷம் எல்லார் முன்னாடியும் எனக்குக் கேக் வெட்டினாங்க."

டூஃபி கை வேலையை நிறுத்தினாள். "இரு இரு. கூடுதலா குடுத்ததுக்கா கேக் வெட்டினாங்க, குடுக்காததுக்கா?"

"குடுக்காததுக்கு."

கொட்டகையே குலுங்கியது. ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் காரித் தொட்டிமேல் சாய்ந்தாள். "கஞ்சத்தனத்துக்குக் கேக்கு" என்று டூஃபி உடனே அதைப் பாட்டாக்கி, இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு ஆடினாள்.

கொனாடுவுக்குச் சுரீரென்று வந்துவிட்டது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் பாஃபோ போய்விட்டால் அந்த எந்திரத்துக்கு யார் பதில் சொல்வது? அதையே சொன்னாள். சொன்ன விதம்தான் தப்பு. ஸான்டாமில் புது ஆட்களிடம் பேசுகிற குரல் அவளை அறியாமல் வந்துவிட்டது. "இனிமே ஒரு பிடி கூடப் போட்டாலும் அவங்க பை போடுற வேலைக்கு வரவேண்டாம். கிழங்கு உரிக்கப் போகலாம்."

சிரிப்பு நின்றது. பிராகோ மடியிலிருந்த கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். "சரிம்மா. நீ சொன்னபடியே" என்றாள்.

அன்றிலிருந்து சொன்னபடியே நடந்தது. நிறுத்தார்கள், மடித்தார்கள், ஒட்டினார்கள். பையைத் தூக்கிப் போட்டால் பந்து மாதிரி விழுந்து அப்படியே கிடந்தது. ஒன்றுகூடப் பிளக்கவில்லை. பாட்டு மட்டும் இல்லை. டூஃபி அவளை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். போர்கா என்று கூப்பிட்டபோது வந்த எரிச்சலைவிட இது அதிகமாக வலித்தது. வேலை இவ்வளவு ஒழுங்காக நடக்கிறதே, எனக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று கொனாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

சரக்கு ஏற்ற லாரி வரும் நாளுக்கு முந்தின பகல், தனக்கென்று கொஞ்சம் காரி வாங்கப் போனாள். வீட்டுக்கும் அம்மாவுக்கும். சும்மா எடுத்துக்கொள் என்பார்கள், கட்டாயம் காசு கொடுக்கவேண்டும் என்று கானாப் பணத்தாள்களைக் கையிலேயே வைத்திருந்தாள். சும்மா எடுத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

பிராகோ சின்னம்மா தகரப் படியை எடுத்தாள். சந்தையில் எப்போதும் கோபுரமாகக் குவித்து, சரியாமல் முன்கையால் அணைத்து அளக்கிறவள், இன்றைக்குக் குவித்ததும் ஒரு மரச்சட்டத்தை எடுத்து, படியின் விளிம்போடு வழித்துத் தலைதட்டினாள். மேலே நின்ற கோபுரம் தொட்டிக்குள் போய் விழுந்தது. படியைக் கொனாடுவின் பையில் கவிழ்த்தாள். காசை வாங்கிக்கொண்டு கையைத் துடைத்தாள்.

"அவ்வளவுதான்" என்றாள்.

கொனாடு நகரவில்லை. பையின் வாய் திறந்தபடியே இருந்தது. அவளுடைய அம்மா பெயில்மர் சந்தையில் சனிக்கிழமைதோறும் இப்படித்தான் நிற்பாள். வெள்ளைக்கார வியாபாரி முன்னால் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவன் ஒரு மிளகாயாவது கூடப் போடும்வரை முகத்தைப் பார்த்தபடி நிற்பாள். பக்கத்தில் நிற்கிற கொனாடுவுக்கு மானம் போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிடப்போகிறார்களே என்று அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுப்பாள். இப்போது அவளைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை. கையும் பையை மூடமாட்டேன் என்கிறது.

"ஏன் நிக்கிறே? அளவு சரியாத்தானே இருக்கு" என்றாள் பிராகோ.

சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் தாங்கவில்லை. இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது.

"கொசுறு போடலையே சின்னம்மா" என்றாள்.

முதலில் சிரித்தது டூஃபி. "மேடம், அது விரயம். அப்புறம் உங்களுக்கு யார் கேக் வெட்டுவாங்க?"

"நீ வெட்டு. இப்ப கொசுறைப் போடு" என்றாள் கொனாடு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது. வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

பிராகோ அவளையே பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து, "கேட்டுட்டியா? அப்ப நீ திரும்ப வருவே" என்று சொல்லி, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். உடனே டூஃபி தள்ளிக்கொண்டு வந்து அவள் பங்குக்கு ஒரு பிடி போட்டாள். தராசுக்காரி போட்டாள். அடுப்படியில் இருந்தவர்கள் எழுந்து வந்து போட்டார்கள். கொனாடு போதும் போதும் என்று சொல்லச் சொல்லப் பை வீங்கி, அடியில் பிளந்து, மொத்தக் காரியும் அவள் காலில் கொட்டியது.

எல்லாரும் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். டூஃபிதான் மெதுவாக, "பை தாங்காதுன்னு சொன்னப்ப நீ பொய் சொல்லல போல" என்றாள்.

தரையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். பை கிழியக்கூடாது, கொசுறும் போகவேண்டும். பெரிய பையாக அடித்து வாங்கலாம், கொசுறையும் சேர்த்தே நிறுக்கலாம் என்றாள் கொனாடு. பிராகோ ஒப்புக்கொள்ளவில்லை. "தராசுல ஏறிட்டா அது சரக்கு, கொசுறு இல்ல. அளந்து முடிச்சப்புறம், வாங்குறவ பாக்கப் போடணும். வேற வழி தெரியாமத்தான் பைக்குள்ள திணிச்சோம். கடைசியா அவகிட்ட நேர்ல நிக்கிறது யாரு, அந்தக் கைதான் போடணும்."

அதைக் கேட்டதும் கொனாடு நிமிர்ந்தாள். நேரில் நிற்கிற கை. பெயில்மரில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறதே ஒரு கை, பாஃபோ அண்ணனின் கை. அந்தக் கை இதுவரை யாருக்கும் எதையும் கூடப் போட்டதாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் கைதானே.

"தனியா ஒரு மூட்டை அனுப்புவோம்" என்றாள். "பை எல்லாம் கிலோ சரியா, வாய் ஒட்டி. கொசுறு மொத்தமும் ஒரே மூட்டையில. பாஃபோ அண்ணன் கடையில வெச்சு, வாங்குறவங்களுக்கு அவர் கையால போடட்டும்."

"போடுவாரா?"

"நான் போடவைக்கிறேன்."

அவ்வளவுதான், யார் எவ்வளவு போடுவது என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. மூட்டை நிறையும்வரை பாட்டும் நிற்கவில்லை. கடைசியில் பிராகோ மடிக் கிண்ணத்தையும் மூட்டைக்குள் வைத்தாள். எவ்வளவு போடவேண்டும் என்று அந்த ஆளுக்குத் தெரியவேண்டுமாம்.

தெமா துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "இந்த ஒத்தை மூட்டை என்ன? விலை போடாம இருக்கே" என்றான்.

"விலை கிடையாது. கொசுறு."

அவன் சிரித்தான். அவன் அம்மாவும் எங்கோ சந்தையில் உட்காருகிறவளாக இருக்கவேண்டும். "எனக்குப் புரியுது அக்கா. ரோட்டர்டாம் சுங்கக்காரனுக்கு எப்படிப் புரியவைக்கிறது? அங்க 'சும்மா'ங்கிற பேர்ல சாமான் இறக்க முடியாது. ஏதாவது ஒரு விலை எழுதியே ஆகணும்." மற்றக் காரியின் விலைக்கே அதையும் போட்டு, எடையையும் எழுதி, முத்திரை குத்தினான். நேரான வழியில், நாலு பேர் பார்க்கும்படி, கொசுறு கப்பலேறியது.

கப்பல் போய்ச் சேர்வதற்குள் ஆம்ஸ்டர்டாமில் குளிர் வந்துவிட்டது. சரக்கு இறங்குகிற அன்று கொனாடு ஆலைக்குப் போகாமல் கடைக்குப் போனாள். கன்டெய்னர் கதவைத் திறக்கும்போது அவள் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள். பாஃபோ உள்ளே போனார். பைகளைத் தட்டினார், அமுக்கினார், ஒன்றைத் தூக்கிப் போட்டும் பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது. வெளியே வந்தவர் தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏ தங்கச்சி, இங்க வா."

"அவர்களே" போய்விட்டது. கொனாடுவுக்கு உயிர் வந்தது.

"சரக்கெல்லாம் ஜம்முனு இருக்கு. ஆனா இது என்ன மூட்டை, உள்ள ஒரு கிண்ணம் வேற? நான் கேக்கலையே."

"கொசுறு. வாங்க வர்றவங்களுக்கு நீங்க போடணும், உங்க கையால."

"நானா? கடை வெச்ச நாள்லேருந்து நான் ஒரு மிளகாய்கூட..."

"தெரியும்ணே. பெயில்மருக்கே தெரியும்."

பாஃபோ முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தார். கொனாடு அசுபோனிக்கு வீடியோவில் கூப்பிட்டு, கைப்பேசியை மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்தாள். திரை முழுக்க முகங்கள். டூஃபி தலைவலையோடு முன்னால் நின்றாள்.

முதலில் வந்தவள் கனத்த கோட்டும் இழுவண்டியுமாக ஒரு அம்மாள். காரி ஒரு பை எடுத்தாள், கார்டைத் தேய்த்தாள், வண்டிக்குள் போட்டுக்கொண்டு திரும்பினாள். கொனாடு பாஃபோவை முறைத்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் அவர். கிண்ணத்தை எடுத்து, மூட்டைக்குள் விட்டு, கால் கிண்ணம் எடுத்தார்.

அந்த அம்மாள் சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன, விக்காத சரக்கைத் தலையில கட்டுறியா?"

"இல்லம்மா. கொசுறு."

எத்தனை வருஷமாயிற்றோ அவள் அந்தச் சொல்லைக் கடையில் கேட்டு. வண்டியிலிருந்து ஒரு நெகிழிப் பையை உருவி, இரண்டு கையாலும் வாயைத் திறந்து பிடித்தாள். பாஃபோ கொட்டினார். அவள் பையை மூடவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"இதுதான் கொசுறா? குமாசி சந்தையில கோழிக்கு இதைவிட ஜாஸ்தி போடுவாங்க. உனக்கு என்ன, கையில சுளுக்கா?"

கைப்பேசியிலிருந்து பிராகோவின் குரல் வந்தது. "யாருடி அது? பேச்சு நல்லா இருக்கே. முகத்தைக் காட்டு."

கொனாடு கைப்பேசியை எடுத்து அந்த அம்மாளுக்கு நேரே பிடித்தாள். அவள் கோட்டுக் கழுத்தை இறக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "நீங்கதான் இதை வறுக்கிறதா? நல்லா வறுத்திருக்கீங்க, போன தடவையும் நான் வாங்கினேன். ஆனா இந்த ஆளு கொசுறு போடமாட்டேங்கிறான்."

அந்தப் பக்கம் கொட்டகை கொள்ளாத சிரிப்பு. "அக்கா, கிண்ணத்தை அவர் கையிலேருந்து புடுங்கி நீங்களே போட்டுக்குங்க" என்று டூஃபி வழி சொல்லிக்கொடுத்தாள். பாஃபோவின் முகத்தில் ஈயாடவில்லை. கிண்ணத்தை முழுக்க நிரப்பி, குவித்து, கவிழ்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பையைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு பையன் தொப்பியைக் கழற்றி நீட்டினான்.

கொஞ்ச நேரத்தில் பாஃபோவே கைப்பேசிப் பக்கம் குனிந்தார். நெற்றியில் வேர்வை, கண்ணில் சிரிப்பு. "அம்மா, அடுத்த லோடுல அந்த மூட்டையைக் கொஞ்சம் பெருசா அனுப்புங்க."

அடுத்த லோடு. கொனாடு அந்த இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எந்திரத்தின் சத்தம் இங்கேயே கேட்கிற மாதிரி இருந்தது.

பிராகோவுக்கு அதெல்லாம் பொருட்டாகவே இல்லை. "அதை விடுங்க தம்பி. கொனாடு, அந்தக் கோட்டுக்காரி போயிட்டாளா? போகும்போது என்னமோ சொன்னாளே, என்ன சொன்னா?"

"அடுத்த வாரம் வருவாளாம் சின்னம்மா. பாக்கிக் கொசுறை வாங்க."

பிராகோ திரும்பி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்கிற சத்தம் மட்டும் கேட்டது.